விதைப்பையில் உள்ள எழுத்தும் உங்கள் பிள்ளையின் படிப்பும்

விதை வாங்கப் போனால் முதலில் ரகத்தின் பெயரைத்தான் கேட்போம். "ஏ.டி.டி. 45 இருக்கா? கோ 51 வந்துருச்சா? அம்பை 16 எத்தனை மூட்டை இருக்கு?" என்போம். எண்ணும் எழுத்தும் நாக்கில் ஊறிப் போனவை. ஆனால், அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று வீட்டில் பிள்ளைகள் கேட்டால், பலர் யோசிப்போம்.

ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை. கோ என்றால் கோயம்புத்தூர். டி.கே.எம். என்பது திருவள்ளூர் மாவட்டம் திரூர்குப்பம். ஏ.எஸ்.டி. என்பதைத்தான் நாம் அம்பை என்கிறோம், அது அம்பாசமுத்திரம். உளுந்தில் வரும் வி.பி.என். புதுக்கோட்டை மாவட்டத்து வம்பன். கடலையில் வரும் டி.எம்.வி. திண்டிவனம், வி.ஆர்.ஐ. விருத்தாசலம். மஞ்சளில் பி.எஸ்.ஆர். பவானிசாகர். உலகின் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்த செடிமுருங்கை பி.கே.எம். 1, தேனி மாவட்டம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் பிறந்தது.

ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு ரகத்தை ஒட்டுக் கட்டி, தேர்ந்தெடுத்து, விவசாயிகளின் வயல்களில் போட்டுப் பார்த்து வெளியிடப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை பிடிக்கிறது. அந்த வேலையைச் செய்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு பாடத்தை எடுத்துப் படித்தவர்கள். அவர்களில் விவசாய வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிளஸ் 2 முடிவு வரும் நாட்களில் நம் வீடுகளில் இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று, "இந்த மண்ணு வேலை நம்மோடு போகட்டும், நீ வேற ஏதாவது படி." இன்னொன்று, "அக்ரி படிச்சா நல்லது. கட்-ஆப் வரலைன்னா விட்டுரு." இரண்டு குரலுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது: விவசாயம் சார்ந்த படிப்பு என்றால் அது பி.எஸ்சி. வேளாண்மை மட்டுமே என்பது. அந்த எண்ணம் சரியல்ல. வாசல்கள் பல இருக்கின்றன. எந்த வாசல் எங்கே போகிறது என்று தெரியாமல் நுழைந்தால்தான் சிக்கல்.

ஒரே வளாகத்தில் எத்தனை படிப்புகள்?

1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்கு இடம் மாறி, 1971-ல் பல்கலைக்கழகமானது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பி.எஸ்சி. வேளாண்மையைக் கோவை, மதுரை, திருச்சி, கிள்ளிகுளம் உள்ளிட்ட பல கல்லூரிகளில் படிக்கலாம். தோட்டக்கலைக்குக் கோவையும் பெரியகுளமும் இருக்கின்றன. திருச்சியில் பெண்களுக்கென்றே ஒரு தோட்டக்கலைக் கல்லூரி உண்டு. வனவியலும் பட்டுவளர்ப்பும் மேட்டுப்பாளையத்தில் இருக்கின்றன. உணவு, ஊட்டச்சத்து தொடர்பான பட்டப்படிப்பு மதுரையில் இருக்கிறது. வேளாண் பொறியியலுக்குக் கோவையும் திருச்சி மாவட்டம் குமுளூரும். இவை தவிர உணவுத் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், வேளாண் வணிக மேலாண்மை ஆகிய படிப்புகளும் உள்ளன. வேளாண்மையையும் தோட்டக்கலையையும் தமிழ் வழியில் படிக்கவும் வாய்ப்பு உண்டு.

கால்நடை வைத்திருக்கும் வீடு என்றால், 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அதன் மூத்த கல்லூரியான சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லேயே தொடங்கியது. கால்நடை மருத்துவப் பட்டம் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. இந்த இடம் கிடைக்கவில்லை என்றதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். ஓசூரில் கோழியினத் தொழில்நுட்பமும், சென்னை அருகே கொடுவள்ளியில் பால் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பமும் நான்கு ஆண்டு பி.டெக். படிப்புகளாக இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

கடற்கரை மாவட்டங்களிலும் பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கும் வீடுகளிலும் இருப்பவர்களுக்கு நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ல் தொடங்கியது. மீன்வள அறிவியலுடன் மீன்வளப் பொறியியலும் இங்கே படிக்கலாம்.

வயலில் உள்ள சிக்கலைப் பாருங்கள், பாடம் தெரியும்

இத்தனை பெயர்களைக் கேட்டதும் தலை சுற்றலாம். எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரு எளிய வழி இருக்கிறது. உங்கள் வயலில், தொழுவத்தில், சந்தையில் உங்களை அதிகம் வாட்டும் சிக்கல் எது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். எதைப் பேசும்போது பிள்ளையின் முகம் மாறுகிறது, எதைப் பற்றிக் கேள்வி கேட்கிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு பாடப்பிரிவு இருக்கிறது.

பூச்சியா? 2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கொங்கு மாவட்டங்களில் தோட்டம் தோட்டமாக வெள்ளை படிந்தது. மருந்து மேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சி அது. அதை அடக்கும் இயற்கை எதிரி இங்கே இல்லை. பூச்சியியல் படித்தவர்கள் அந்த எதிரியைத் தேடினார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு ஒட்டுண்ணிக் குளவி ஒன்று தருவிக்கப்பட்டது. அதைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் மாவுப்பூச்சி அடங்கியது. அந்தக் குளவி இன்றும் சம்பளம் கேட்காமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

வெள்ளமா? டெல்டாவில் சி.ஆர். 1009 நெல்லை, அதாவது பொன்மணியை, அறியாதவர் கிடையாது. மழைக்காலத்தில் இளம்பயிர் நாலைந்து நாள் மூழ்கினாலே அழுகிப்போகும் என்ற கவலை எப்போதும் இருந்தது. ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றில் நீரில் மூழ்கினாலும் தாக்குப்பிடிக்கும் மரபணு இருப்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதை வழக்கமான ஒட்டு முறையிலேயே பொன்மணிக்குக் கொண்டுவந்து, எந்த நாற்றில் அந்த மரபணு வந்து சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி வந்ததுதான் சி.ஆர். 1009 சப் 1. இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீண்டு வரும். பயிர்ப்பெருக்கமும் உயிரித் தொழில்நுட்பமும் சேர்ந்து செய்த வேலை இது.

மாடா? கறவை மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் முறையைப் பலர் இப்போது கடைப்பிடிக்கிறார்கள். கிராமத்து வைத்தியத்தை எடுத்துக்கொண்டு, அளவையும் முறையையும் வரையறுத்து, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை மருத்துவ ஆய்வு அதை மற்றவர்களும் பின்பற்றும்படி செய்தது. பாட்டிக்குத் தெரிந்ததைப் பரிசோதித்துப் பார்ப்பதும் ஆராய்ச்சிதான்.

விலையா? தக்காளி, மஞ்சள், மக்காச்சோளம் இந்தப் பருவத்தில் என்ன விலைக்குப் போகும் என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் விலை முன்னறிவிப்பு பத்திரிகைகளில் வருகிறது. பல ஆண்டு சந்தை விலையையும் வரத்தையும் கணக்கிட்டு அதைச் சொல்வது வேளாண் பொருளாதாரம் படித்தவர்கள். மழை, காற்று பற்றிய ஆலோசனை வேளாண் வானிலையியல் படித்தவர்களின் வேலை. நடவு எந்திரம், சொட்டுநீர், சோலார் உலர்த்தி எல்லாம் வேளாண் பொறியியல். அறுவடைக்குப் பின் அழுகிப்போகும் காய்க்கு வழி சொல்வது உணவுத் தொழில்நுட்பம். இந்தத் துறைக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது. 1967-ல் நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தொடங்கி வளர்ந்தது அது.

அக்ரி இடம் கிடைக்காவிட்டால்?

கட்-ஆப் அரை மதிப்பெண்ணில் போனதும் வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். வயலுக்குப் பெரும் பணி செய்தவர்களில் சிலர் வேளாண் கல்லூரி வழியாக வந்தவர்களே அல்ல.

தலச்சேரியில் 1897-ல் பிறந்த ஜானகி அம்மாள் சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். அவர் எடுத்த பாடம் தாவரவியல். பிறகு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் மரபியலை ஆராய்ந்தார். 1912-ல் தொடங்கிய அந்த நிலையத்தில்தான் இனிப்பான தடிக்கரும்பையும் ஆற்றங்கரையில் தானாக வளரும் காட்டுக் கரும்பையும் ஒட்டுச் சேர்த்து, 1918-ல் கோ 205 என்ற ரகத்தைத் தந்தார்கள். அந்த ஆய்வைத் தொடங்கிய பார்பரும் தாவரவியலாளர்தான்.

எம்.எஸ்.சுவாமிநாதன் முதலில் திருவனந்தபுரத்தில் விலங்கியல் பட்டம் பெற்றார். வங்கப் பஞ்சம் நாட்டையே உலுக்கிய நேரம் அது. அதற்குப் பிறகு கோவை வேளாண் கல்லூரியில் சேர்ந்து இன்னொரு முறை இளநிலைப் பட்டம் படித்தார். முதலில் எடுத்த பாடம் வேறு என்பதால் அவருக்குக் கதவு அடைபட்டுவிடவில்லை.

பொருளாதாரமும் வயலுக்கு வந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தம் மாணவர்களைக் கிராமங்களைப் பற்றி ஆய்வு எழுதச் சொன்னார். நிலம் யார் கையில், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன பயிர் என்று அவர்கள் எழுதினார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு உள்ளிட்ட அந்தக் கிராமங்கள் 1918-ல் புத்தகமாயின. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், என்ன மாறியது என்று பதிவு செய்தார்கள். நிலமும் கடனும் கூலியும் தலைமுறைதோறும் எப்படி மாறின என்பது அதனால்தான் நமக்கு எழுத்தில் கிடைக்கிறது.

ஆகவே, அருகில் உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், நுண்ணுயிரியல், பொருளாதாரம், புள்ளியியல் என்று எது கிடைத்தாலும் அது வயலிலிருந்து விலகிப் போகும் பாதை அல்ல. மண்ணைச் சோதிப்பது வேதியியல். உயிர் உரம் நுண்ணுயிரியல். செயற்கைக்கோள் படத்தில் பயிர்ப் பரப்பைக் கணக்கிடுவது கணினியும் புவியியலும். கணிதம், கணினி அறிவியல் பிரிவு எடுத்த பிள்ளைகள் பொறியியல் கலந்தாய்வு வழியாக பி.இ. வேளாண் பொறியியலில் சேரலாம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பி.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு எம்.எஸ்சி. உழவியலில் சேர முடியாது. வேளாண் முதுநிலைப் பாடங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேளாண் இளநிலைப் பட்டம் கேட்பார்கள். ஆனால், எம்.எஸ்சி. தாவரவியல் முடித்து, தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று, பயிர் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்யலாம்.

ஆராய்ச்சி என்றால் எத்தனை வருஷம்?

"இன்னும் எத்தனை வருஷம் படிக்கப் போறே?" என்று நாம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேளாண் இளநிலை நான்கு ஆண்டு, முதுநிலை இரண்டு ஆண்டு, முனைவர் பட்டம் குறைந்தது மூன்று ஆண்டு. ஆனால், இளநிலைக்குப் பிறகு முழுச் செலவும் உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் தேர்வுகளில் நல்ல இடம் பிடித்தால் முதுநிலைக்கே உதவித்தொகை உண்டு. தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது.

ஆய்வு செய்ய டெல்லிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. கோவையில் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், வன மரபியல் நிறுவனம். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம். சென்னையில் உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனம். மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடல் மீன் ஆராய்ச்சி நிலையங்கள். உதகையில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம். எல்லாம் மத்திய அரசின் நிறுவனங்கள், எல்லாம் நம் மாநிலத்துக்குள்.

எல்லோரும் விஞ்ஞானி ஆக வேண்டியதும் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. வழியாக வேளாண் அலுவலர், தோட்டக்கலை அலுவலர் பணிகள்; வங்கிகளில் வேளாண் கள அலுவலர்; மத்தியத் தேர்வாணையத்தின் வனப்பணி ஆகியவை இருக்கின்றன. இரண்டு ஆண்டு வேளாண், தோட்டக்கலைப் பட்டயம் முடித்தவர்களுக்கு உதவி அலுவலர் பணிகள் உண்டு. சொந்தமாக மண் பரிசோதனை நிலையமோ நாற்றங்காலோ வைக்க நினைக்கும் பட்டதாரிக்கு, வேளாண் மருந்தக, வேளாண் வணிக மையத் திட்டத்தில் 45 நாள் பயிற்சியும், வங்கிக் கடனில் பொதுப் பிரிவினருக்கு 36 சதவீத மானியமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 44 சதவீத மானியமும் தருகிறார்கள்.

ஏமாறாமல் இருக்க ஐந்து விஷயங்கள்

முதலாவது, பிளஸ் 1 பாடப்பிரிவு. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் இதை இன்றே கவனியுங்கள். கால்நடை மருத்துவம், மீன்வள அறிவியலுக்கு உயிரியல் வேண்டும். வேளாண் பொறியியலுக்குக் கணிதம் வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் உள்ள பிரிவை எடுத்தால் எந்த வாசலும் மூடாது. தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் படித்தவர்களுக்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது.

இரண்டாவது, அங்கீகாரம். தனியார் கல்லூரியிலோ வெளிமாநிலத்திலோ சேர்ப்பதாக இருந்தால், அந்தக் கல்லூரியின் வேளாண் பட்டத்துக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்கிச் சேர்த்துவிட்டு, நான்கு ஆண்டு கழித்து மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது தெரியவந்தால் திரும்பி வர வழி இல்லை.

மூன்றாவது, பட்டத்தின் பெயர். வேளாண் அலுவலர் பணிக்கு வேளாண்மைப் பட்டமும், தோட்டக்கலை அலுவலர் பணிக்குத் தோட்டக்கலைப் பட்டமும் கேட்பார்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது போதாது. டி.என்.பி.எஸ்.சி.யின் பழைய அறிவிக்கை ஒன்றை எடுத்துத் தகுதிப் பகுதியைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

நான்காவது, கல்லூரியின் நிலம். சேர்க்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். ஆய்வகத்தை மட்டும் பார்க்காதீர்கள். பண்ணையில் என்ன பயிர் நிற்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, தொழுவத்தில் மாடு இருக்கிறதா என்று பாருங்கள். இதை உங்களைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

ஐந்தாவது, இடைத்தரகர். "கவுன்சலிங்ல சீட் வாங்கித் தர்றேன்" என்று வருபவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அரசு இடங்கள் மதிப்பெண், இட ஒதுக்கீட்டு வரிசைப்படி இணையவழியில்தான் நிரப்பப்படுகின்றன.

பணத்துக்கு என்ன செய்வது?

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் உள்ளிட்ட தொழில் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் சட்டப்படி உண்டு. இதில் சேருவோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் சான்றிதழை முன்கூட்டியே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் அலைய வேண்டாம். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை தேவையில்லை. நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கந்துவட்டிக்காரரிடம் போகும் முன் வங்கியில் கேளுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு நாள்

வேளாண் கல்லூரி இறுதி ஆண்டு மாணவர்கள் கிராமத் தங்கல் பயிற்சிக்காக உங்கள் ஊருக்கு வந்திருப்பார்கள். தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டிருப்பார்கள். விதை நேர்த்தி செய்து காட்டியிருப்பார்கள். "நம்ம அப்பன் பாட்டன் செய்யாததா" என்று சிலர் சிரித்தும் இருப்போம். அடுத்த முறை வந்தால் பிள்ளையை அவர்களோடு அனுப்புங்கள். கல்லூரி எப்படி, எந்தப் பாடம் கடினம், படித்தபின் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்கட்டும். விளம்பரத்தில் கிடைக்காத பதில் அவர்களிடம் கிடைக்கும்.

இன்னொன்றும் செய்யலாம். அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஆராய்ச்சி நிலையத்துக்கோ பிள்ளையை ஒரு நாள் அழைத்துப் போங்கள். நீங்கள் வருஷா வருஷம் விதைக்கும் ரகம் சிறு சிறு பாத்திகளில், பெயர்ப் பலகையோடு நிற்பதைக் காட்டுங்கள். இலையில் ஏன் புள்ளி விழுகிறது, ஒரே வரப்புக்கு இந்தப் பக்கம் விளைந்தது அந்தப் பக்கம் ஏன் விளையவில்லை என்று உங்களிடம் கேட்டு, நீங்கள் "போடா, வேலையைப் பாரு" என்று அதட்டிய கேள்விகள் இருக்குமே, அவற்றை அங்கிருக்கும் பேராசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்விகளில்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

பிள்ளை ஊரை விட்டுப் போய்ப் படிக்கட்டும். வயலை விட்டுப் போகிறதா, வயலுக்காகப் போகிறதா என்பதை மட்டும் விண்ணப்பம் போடும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.